மூணு கை, என்னைப் பாரு

என் வீட்டுக்காரருக்கு மூழ்கத் தெரியாது. ஒரு நீச்சல் மாஸ்டரைப் பற்றி இப்படிச் சொன்னால் புகழ்கிற மாதிரிதான் கேட்கும். நான் புகழவில்லை. எவ்வளவோ முயன்றும் அவருக்கு வராமல் போன காரியம் அது. அதைச் சொல்வதற்கு முன், தண்ணீரே இல்லாமல் அவர் நீச்சல் சொல்லிக்கொடுத்த கதையைச் சொல்ல வேண்டும். அது இல்லாவிட்டால் மூழ்க வேண்டிய அவசியமே அவருக்கு வந்திருக்காது.

தெருவுக்கே அவர் மாஸ்டர்தான். என் அம்மாகூட "மாப்பிள்ளை" என்று தொடங்கி, பேச்சு சூடு பிடித்ததும் "மாஸ்டர்" என்று முடிப்பாள். எங்கள் பேட்டையில் இளையோர் மையம் ஒன்று இருக்கிறது. ஓவியம், சதுரங்கம், கீபோர்டு, பின்னால் ஒரு நீச்சல் குளம். பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முன்னால் காலையில் ஒரு மணி நேரம் குழந்தைகள் வகுப்பு. அந்த மணி நேரம் அவருடையது. மீதி நாள் முழுவதும் அந்த ஒரு மணி நேரத்துக்குத் தயாராவதிலும் அதைப் பற்றிப் பேசுவதிலும் போய்விடும். குழந்தைகளின் பெயர் அவருக்கு நினைவில் நிற்காது. முதல் நாள் தண்ணீரில் இறங்கும் அழகைப் பார்த்து அவரே ஒரு பெயர் வைத்துவிடுவார். தவளை, நண்டு, ஆமை, முதலை. பெற்றோரும் தப்புவதில்லை. கடைத்தெருவில் ஒரு வங்கி அதிகாரியைக் காட்டி, "இவர்தான் நண்டோட அப்பா," என்று எனக்கு அறிமுகம் செய்துவைத்தார். அந்த மனிதரும் நண்டைப் போலவே ஒதுங்கி நின்று வணக்கம் சொன்னார்.

பெருந்தொற்று வந்தது. பள்ளிகளை மூடினார்கள், மையத்தை மூடினார்கள், குளத்துத் தண்ணீரை இறக்கிவிட்டார்கள். மாஸ்டர் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தார். "ஏங்க, அந்த விசிலையாவது கழட்டி வையுங்களேன். எப்ப ஊதுவீங்களோன்னு எனக்குப் பயமா இருக்கு," என்றேன்.

"ஊதமாட்டேன்," என்றார். ஊதினார்.

ஒரு நாள் மையத்தின் மேனேஜர் கூப்பிட்டார். சின்ன வயசுக்காரர். மாஸ்டர் அவரிடம் நல்ல மனநிலையில் இருந்தால் "சார்" என்பார், கோபம் வந்தால் "தம்பி" என்பார். போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார் என்பதால் எங்கள் வீட்டில் யாருக்கும் எந்த ரகசியமும் கிடையாது.

"மாஸ்டர், மையத்துல எல்லா வகுப்பையும் ஆன்லைனுக்குக் கொண்டுபோறோம். பிள்ளைங்க வீட்டுல அடைஞ்சு கிடக்குதுங்க பாருங்க. ஓவியம், செஸ், கீபோர்டு, கதை எழுதறது, எல்லாம் உண்டு."

"நல்லது சார். நீச்சல்?"

"நீச்சலை எப்படி மாஸ்டர்?" என்று சிரித்தார் மேனேஜர். பிறகு குரலை இறக்கினார். "ஒரு விஷயம் சொல்லணும். நீச்சல் போட்டிக்குத் தயார் பண்ற கிளப்காரங்க காலை நேரத்தைக் கேக்கறாங்க. நடக்காத வகுப்புக்கு நேரத்தைப் பிடிச்சு வைக்க முடியாது இல்லையா? உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது. லாக்கர் சாவி கவுண்டர் இருக்கு. உக்காந்த இடத்துலயே பாக்கலாம். உங்களுக்கும் வயசாகுது."

மாஸ்டர் மேசையிலிருந்த போனைக் கையில் எடுத்தார்.

"நடக்கும் தம்பி."

"எது?"

"வகுப்பு. நாளைக்கே நடக்கும்."

போனை வைத்ததும் நான் கேட்டேன். "தண்ணி இல்லாம நீச்சலா? மாப்பிள்ளை இல்லாத கல்யாணம் மாதிரி இருக்கே."

"தண்ணி கடைசில வர்ற விஷயம். முதல்ல கை, அப்புறம் கால், அப்புறம் மூச்சு. தண்ணி சும்மா கூட நிக்கும்," என்றார். அவர் முகத்தைப் பார்த்து நான் வாயை மூடிக்கொண்டேன். லாக்கர் கவுண்டர் எனக்கும் தெரியும். படிக்கட்டுக்கு அடியில், ஒரு பொந்து. அங்கே உட்கார்ந்தால் குளத்தின் சத்தம் கேட்கும், குளம் தெரியாது.

மறுநாள் கூடத்தில் வகுப்பு. எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு மேசை. அதில் ஒரு பக்கம் நான் உட்கார்ந்து மருந்து மொத்த வியாபாரி ஒருவருக்குப் பில் போடுவேன். மறுபக்கம் மடிக்கணினி. அதற்கு எதிரே சமையலறை ஸ்டூல், அதன்மேல் குப்புற மாஸ்டர். முதலில் இஸ்திரி போடும் பலகையில்தான் படுத்துக் காட்டினார். அது இரண்டு கை வீச்சு வரைக்கும் தாங்கியது. கேமராவைப் பிடிக்கும் வேலை கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகளுக்கு.

"அப்பா, தலை வந்தா கால் வரலை. கால் வந்தா தலை வரலை."

"பின்னாடி போ."

"பின்னாடி சுவர் இருக்குப்பா. நான் போகமாட்டேன், நீங்கதான் குறையணும்."

ஊரடங்கில் நாங்கள் எல்லோருமே கொஞ்சம் பூரித்திருந்தோம். அவர் நிறையவே பூரித்திருந்தார். ஸ்டூலின் இரண்டு பக்கமும் அவர் வயிறு வழிந்து கிடக்கும். அப்படிக் கிடந்தபடியே, "உடம்பு அம்பு மாதிரி இருக்கணும்," என்று சொல்லிக்கொடுத்தார்.

திரையில் கட்டம் கட்டமாகக் குழந்தைகள். தவளை ஸ்டூல்மேல். ஆமை சோபாவின் கைமேல். முதலை சுருட்டிய மெத்தைமேல், வகுப்பு முடிவதற்குள் அதிலேயே தூங்கிவிடுவான். நண்டு எங்கே படுத்தாலும் கேமராவுக்குக் குறுக்காகவே படுப்பான். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் குழந்தை மட்டும் சக்கரம் வைத்த சூட்கேஸ்மேல் படுத்திருந்தாள். கையை வீச வீச அவள் பாட்டுக்கு நகர்ந்து கட்டத்தை விட்டு வெளியே போய்விடுவாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் அப்பா சூட்கேஸோடு பிடித்து இழுத்துக்கொண்டு வந்து பழைய இடத்தில் நிறுத்துவார். "அந்த வகுப்பிலேயே முன்னேறின ஒரே ஆள் அவதான்," என்பாள் மகள்.

அந்தப் பெண்ணின் அப்பா லிஃப்ட் பழுது பார்க்கிறவர். சேர்க்கும்போதே சொல்லிவிட்டார்: "மாஸ்டர், இவளுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தறதுக்கே வீட்டுல ஒரு யுத்தம் நடக்கும். மூஞ்சில ஒரு சொட்டுப் படக்கூடாது. தண்ணி இல்லாத நீச்சல்னு சொன்னதாலதான் ஒத்துக்கிட்டா."

மாஸ்டர் அவளுக்குப் பூனை என்று பெயர் வைத்தார்.

அவருக்கு ஒரு பெரிய சிக்கல் இருந்தது. குழந்தைகள் குப்புறப் படுத்துத் தரையைப் பார்த்தபடி கையை வீச வேண்டும். தரையைப் பார்க்கிற குழந்தை கையை வீசுகிறதா, தரையில் கிடக்கிற பொம்மையோடு பேசுகிறதா என்று இவருக்குத் தெரியாது. ஒரு நாள் ஆமையின் கட்டத்தில் வெறும் சோபா மட்டும் வெகு நேரம் வகுப்பைக் கவனித்துக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் அவர் தன் புகழ்பெற்ற விதியைக் கண்டுபிடித்தார்.

"மூணு கை, என்னைப் பாரு!"

மூன்று முறை கையை வீச வேண்டும். மூன்றாவது வீச்சில் தலையைத் தூக்கித் திரையைப் பார்க்க வேண்டும். எல்லாக் கட்டத்திலும் ஒரே நேரத்தில் முகங்கள் மலரும். "இருக்கியா?" என்பார். "இருக்கேன் மாஸ்டர்!" என்று கத்துவார்கள். மறுபடி தலைகள் கவிழும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவருக்கே அது பெரிய ஞானம் போலத் தோன்றியது. "செஸ் மாஸ்டருக்கு இந்த மாதிரி ஒரு யோசனை வருமா?" என்று என்னைக் கேட்டார்.

"செஸ் ஆட ஸ்டூல்ல குப்புறப் படுக்க வேண்டியதில்லைங்க."

என் அலுவலகக் கூட்டங்களும் அதே மேசையில்தான் நடந்தன. ஒரு நாள் மைக்கை அணைக்க மறந்துவிட்டேன். முதலாளி கணக்கு கேட்டுக்கொண்டிருக்கும்போது, "பின்பக்கம் தொங்குது பாரு! தூக்கு! இன்னும் தூக்கு!" என்று எனக்குப் பக்கத்திலிருந்து ஒரு சிம்மக் குரல்.

"மேடம், அங்க என்ன நடக்குது?" என்றார் முதலாளி.

"நீச்சல் சார்," என்றேன்.

அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த மாதம் முழுவதும் என்னிடம் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டார்கள்.

மூச்சுப் பயிற்சிக்கு ஒவ்வொரு குழந்தையும் முன்னால் ஒரு தொட்டித் தண்ணீர் வைத்து, முகத்தை உள்ளே விட்டுக் குமிழி விட வேண்டும். பூனை முகத்தை விடுவாள், "ப்ளப், ப்ளப், ப்ளப்" என்று நன்றாகச் சத்தமும் வரும். தலை தூக்கும்போது புருவம்கூட நனைந்திருக்காது. தொட்டி காலி. வாயாலேயே குமிழி விட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு வாரம் மாஸ்டர் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தபோது கோபித்துக்கொள்ளவும் இல்லை. "சத்தம் சரியாத்தான் இருக்கு. தண்ணி அப்புறம் வரட்டும்," என்று விட்டுவிட்டார்.

மாதங்கள் போயின. கீபோர்டு வகுப்பில் ஆள் குறைந்தது, கதை எழுதும் வகுப்பில் டீச்சரும் இன்னொரு குழந்தையும் மட்டும் மிஞ்சினார்கள் என்று கேள்வி. நீச்சல் வகுப்பில் மட்டும் ஒருவர்கூட விலகவில்லை. சூட்கேஸ்மேல் படுத்துக் கத்துவதற்கு வீட்டில் வேறு எங்கே அனுமதி கிடைக்கும்? மாஸ்டர் இதைத் தன் திறமை என்று நினைத்துக்கொண்டார். நாங்களும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

ஒரு வழியாகக் குளத்தைத் திறக்கும் நாள் வந்தது. மேனேஜர் மறுபடி கூப்பிட்டார்.

"மாஸ்டர், வகுப்பு நடந்ததை நான் ஒத்துக்கறேன். ஆனா ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவணுமே. கிளப்காரங்க விடமாட்டேங்கறாங்க. அதனால ஒரு சோதனை வச்சிடலாம். திறந்து பத்து நாள்ல. ஆழம் கம்மியான பக்கம், குளத்தோட அகலம். நடுவுல கால் ஊன்றக் கூடாது, கம்பியைப் பிடிக்கக் கூடாது. பாதிப் பிள்ளைங்க தாண்டட்டும், காலை நேரம் உங்களுக்கு. இல்லன்னா கிளப்புக்கு."

"பாதி என்ன சார், மொத்தமும் தாண்டும்!" என்றார் மாஸ்டர். சார் என்றுதான் சொன்னார். அவ்வளவு நம்பிக்கை.

திறந்த முதல் நாள், வீடியோ எடுக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். குழந்தைகள் வரிசையாகத் தண்ணீரில் இறங்கினார்கள். பூனை மட்டும் படியில் உட்கார்ந்து கட்டைவிரலை நனைத்துக்கொண்டாள். விசில் ஊதினார். சும்மா சொல்லக் கூடாது, கையும் காலும் அப்படி ஒரு ஒழுங்கு. ஒரு வீச்சு. இரண்டாவது வீச்சு. என் கண்ணே பட்டுவிடும் போல இருந்தது. மூன்றாவது வீச்சில் எல்லாத் தலையும் ஒன்றாக மேலே வந்தன. முன்னால் இல்லாத ஒரு திரையைத் தேடின. தலை மேலே வந்தால் கால் கீழே போகும், அது தண்ணீரின் குணம். எல்லாக் காலும் ஒன்றாக மூழ்கின. எல்லா வாயும் ஒன்றாகத் தண்ணீர் குடித்தன.

"தலையைத் தூக்காதீங்க!" என்று கத்தினார்.

நீந்திக்கொண்டிருந்தவர்களும் தலையைத் தூக்கி, "என்ன மாஸ்டர்?" என்றார்கள்.

மறுபடி சொன்னார். மறுபடி தூக்கினார்கள். அவர் சொல்லச் சொல்ல அவர்கள் கேட்கக் கேட்க, வகுப்பு முடியும்போது குளத்தில் பாதித் தண்ணீர் அவர்கள் வயிற்றில் இருந்தது. நான் வீடியோவை நிறுத்திவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள். அவர் நடந்ததைச் சொன்னார்.

"நான்தான் சொல்லிக்கொடுத்தேன். மாசக்கணக்கா, தினமும்."

"விடுங்கப்பா. உங்க வாழ்க்கையிலேயே பிள்ளைங்க சொன்னபடி கேட்ட முதல் வகுப்பு இதுதான்," என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. எப்போதும் சிரிக்கிற மனிதர். சாப்பிட்டு முடித்து வெகு நேரம் கழித்து என்னிடம், "அந்த லாக்கர் கவுண்டர்ல ஃபேன் இருக்கா? நீ எப்பவாவது கவனிச்சிருக்கியா?" என்று கேட்டார்.

"இருக்கு. ஆனா சுத்தாது," என்றேன். "அதனால அங்க போற யோசனையை விட்டுட்டு வேற யோசனை பண்ணுங்க."

பண்ணினார். அப்பாவும் மகளுமாகச் சேர்ந்து வகுப்பு வீடியோவிலிருந்து அவர் முகத்தைப் பிடித்து, பெரிதாக அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, குளத்தின் தரையில் ஒட்டிவைத்தார்கள். மேலே பார்த்துப் பழகிய குழந்தைகள் கீழே பார்க்கட்டும் என்று. கிடைத்த படத்தில் அவர் "தூக்கு" என்று கத்திக்கொண்டிருந்தார், வாய் குகை மாதிரி திறந்திருந்தது. குழந்தைகள் மூன்றாவது வீச்சில் கீழே பார்த்தார்கள். பார்த்ததும் தண்ணீருக்குள்ளேயே சிரித்துவிட்டார்கள். அன்று குடித்த தண்ணீர் முதல் நாளைவிட அதிகம்.

படியில் உட்கார்ந்திருந்த பூனைதான் சொன்னாள். "மாஸ்டர், போட்டோ எங்களைப் பார்க்காது இல்ல?"

"பார்க்காது. அதனால என்ன?"

"நாங்க உங்களைப் பார்க்கத் தலை தூக்கலை. நீங்க எங்களைப் பார்க்கறீங்களான்னு பார்க்கத்தான் தூக்கறோம்."

மாஸ்டர் விசிலைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். தரையில் மல்லாந்து படுத்துக் குழந்தைகளை மேலே பார்ப்பதாகத் திட்டம்.

இங்கேதான் அந்த உண்மை வெளிவந்தது. அவருக்கு மூழ்க வரவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவார். அடுத்த நொடி அவர் வயிறு, வேறொருவருடையது போல, தனியாக மேலே வந்து நிற்கும். பின்னாலேயே அவர் வருவார். மறுபடி போவார். மறுபடி வயிறு வரும். ஆழம் குழந்தைகளின் மார்பளவுதான். அதில் மூழ்குவதற்கு அந்த மனிதர் பட்ட பாடு! வாழ்நாள் முழுக்க அடுத்தவரை மிதக்கச் சொன்ன பாவம் என்று நினைத்துக்கொண்டேன். குழந்தைகள் கரையில் உட்கார்ந்து, "தலையைத் தூக்காதீங்க மாஸ்டர்!" என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

கடைசியில் உயிர்காப்புப் பயிற்சிக்கு வைத்திருக்கும் கனமான ரப்பர் கற்கள் இரண்டை எடுத்துவந்தார். பக்கத்துக்கு ஒன்றாக, இரட்டைக் குழந்தைகளைப் போல இரண்டு கக்கத்திலும் அணைத்துக்கொண்டார். போய்விட்டார் உள்ளே. தரையில் மல்லாந்து, குதிகாலால் உந்தி உந்தி, மேலே நீந்தும் குழந்தையோடு கூடவே முதுகால் நகர்ந்தார். தவளை மூன்றாவது வீச்சில் கீழே பார்த்தான். அங்கே மாஸ்டர், கண்ணைத் திறந்துகொண்டு, இவனையே பார்த்தபடி. தலை தூக்கவில்லை. அந்தப் பக்கச் சுவரைத் தொட்டுவிட்டான்.

மறுநாளும் அப்படியே. பூனை படியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "நெஜமாவே கண்ணைத் திறந்து வச்சிருக்கீங்களா?" என்றாள். "எரியாதா?"

"வந்து பாரேன்."

அவளுக்குச் சந்தேகம் தாங்கவில்லை. இரண்டு நாள் தாங்கினாள். மூன்றாவது நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் விட்டாள். வெளியே எடுத்ததும் எங்களிடம் வந்து, "ஆமா. திறந்துதான் வச்சிருக்காரு," என்று சாட்சி சொல்லிவிட்டுப் போனாள். புருவம், முடி எல்லாம் நனைந்திருந்தன. அவள் அப்பா வாயைத் திறந்தவர் மூடவில்லை.

சோதனை நாளில் மேனேஜர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் கிளப்பின் கோச், கழுத்தில் ஸ்டாப்வாட்ச். கடுமையான ஆள் என்று பெயர். மாஸ்டர் கற்களோடு வந்ததைப் பார்த்து மேனேஜர் எழுந்துவிட்டார்.

"மாஸ்டர், நீங்க பிள்ளைங்களைத் தொடக் கூடாது."

"தொடமாட்டேன் சார்."

"பேசக் கூடாது."

"பேசமாட்டேன்."

"குளத்துல நிக்கக் கூடாது."

"நிக்கமாட்டேன் தம்பி. படுத்துக்கறேன். படுக்கக் கூடாதுன்னு விதி இருக்கா?"

மேனேஜர் தன் போனில் எதையோ தேடினார். அப்படி ஒரு விதி யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

தவளை தாண்டினான். முதலை தாண்டினாள் என்று சொல்லப் பார்க்கிறேன், முதலை பையன். அவ்வளவு பதற்றம் எனக்கு. நண்டு நேராகப் போகாமல் கோணலாகப் போனான், அகலத்தைவிட அதிகமாகவே நீந்திச் சுவரைத் தொட்டான். ஆமை நடுவில் காலை ஊன்றிவிட்டது. இன்னும் சிலர் தாண்டினார்கள், சிலர் நின்றார்கள். ஒவ்வொரு தடவையும் மாஸ்டர் அந்தப் பக்கம் குழந்தையோடு சேர்ந்து மேலே வந்து, குழந்தையைவிட அதிகமாக இரைத்துவிட்டு, கற்களோடு நடந்து திரும்பி வருவார். கண் இரண்டும் சிவந்துவிட்டன. "போதுங்க," என்றேன். விரலை உயர்த்திக் காட்டினார். பாதிக்கு இன்னும் ஒரே ஒரு ஆள் வேண்டும். மிச்சம் இருந்ததும் ஒரே ஒரு ஆள்.

பூனை படியிலிருந்து எழுந்தாள்.

"வேணாம்டா செல்லம்," என்றார் அவள் அப்பா. அவள் அதற்குள் இறங்கிவிட்டாள். மாஸ்டர் இரண்டு கற்களையும் அணைத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஒரு வீச்சு, இரண்டாவது, மூன்றாவது. பூனை கீழே பார்த்தாள். மறுபடி மூன்று. பாதி வழி வந்துவிட்டாள். அங்கேதான் மாஸ்டரின் ஒரு கை சோர்ந்தது. ஒரு கல் நழுவி உருண்டது. ஒற்றைக் கல்லா அந்த வயிற்றைப் பிடித்துவைக்கும்? நான் மேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் காலை உதைக்கிறார், தலையை ஆட்டுகிறார், ஆனாலும் மெதுவாக, தடுக்க முடியாத ஒரு கப்பலைப் போல, மேலே வந்துகொண்டிருக்கிறார். நேராகப் பூனைக்கு அடியில்.

அவர் வயிறு அவளைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிட்டது. ஒரு கணம் அவள் அதன்மேல் குப்புறக் கிடந்தாள், அந்தப் பழைய சூட்கேஸ்மேல் கிடந்தாளே, அதே மாதிரி. கை மட்டும் நிற்கவில்லை, காற்றில் வீசிக்கொண்டிருந்தது. மூன்றாவது வீச்சில் வயிற்றிலிருந்து அந்தப் பக்கம் வழுக்கித் தண்ணீரில் விழுந்தாள். விழுந்தவள் அப்படியே நீந்திப் போய்ச் சுவரைத் தொட்டாள்.

"தொட்டுட்டாரு! இது செல்லாது!" என்று மேனேஜர் கத்தினார்.

"மாஸ்டர்தான் என்னைத் தொட்டாரு. நான் அவரைத் தொடலை," என்றாள் பூனை, சுவரைப் பிடித்துக்கொண்டு இரைத்தபடி.

மாஸ்டர் நடுக்குளத்தில் மல்லாந்து மிதந்தார். எதுவும் பேசவில்லை. பேசமாட்டேன் என்று சொல்லியிருந்தார் அல்லவா.

மேனேஜர் கிளப் கோச்சின் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க சார்."

கோச் ஸ்டாப்வாட்சைப் பார்த்தார், மிதக்கும் மாஸ்டரைப் பார்த்தார். "கால் ஊன்றினாளா?"

"இல்ல, ஆனா..."

"கம்பியைப் பிடிச்சாளா?"

"இல்ல."

"நடுவுல ஒரு பாறை வந்துச்சு, ஏறிக் கடந்திருக்கா. என் கிளப்ல ஒருத்தனுக்கும் இது வராது. தாண்டினாள்னு போட்டுக்குங்க." மேனேஜர் மறுபடி வாயைத் திறப்பதற்குள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பிற்பாடு சாயங்கால நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

காலை நேரம் மாஸ்டருக்கே கிடைத்தது. "மூழ்கியிருந்தா போயிருக்கும்," என்று நானும் மகளும் வருஷக்கணக்கில் கேலி செய்தோம். "எல்லாம் திட்டம் போட்டுத்தான் மேல வந்தேன்," என்று அவரும் வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன மழைக்காலத்தில் ஒரு மதியம், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அன்று காலை வகுப்புக்குப் போய்விட்டுத்தான் வந்திருந்தார்.

இந்த வாரம் மகள், "அம்மா, அப்பாவோட விசில் மையத்தோடது இல்லையா? திருப்பிக் கொடுத்துடலாமே," என்றாள். சரியென்று காலையில் எடுத்துக்கொண்டு போனேன். இப்போது ஒரு பெண் மாஸ்டர் வந்திருக்கிறார். நல்ல பெண். என்னைக் கண்டதும் நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

"மாஸ்டர் இருந்திருந்தா அவர்கிட்ட ஒண்ணு கேட்டிருப்பேன்மா. அந்தப் பழைய பிள்ளைங்க எல்லாருக்கும் ஒரே ஒரு கெட்ட பழக்கம். நல்லாத்தான் நீந்துதுங்க. கொஞ்சம் சோர்ந்தா போதும், மூணாவது கையில தலையைத் தூக்கிப் பார்க்குதுங்க. நானும் திருத்தித் திருத்திப் பார்க்கறேன், போகவே மாட்டேங்குது."

"போகாதும்மா," என்றேன்.

பூனை இப்போது என்னைவிட உயரம். நீளவாக்கில் நீந்திக்கொண்டிருந்தாள், தண்ணீர் அவளைக் கண்டு ஒதுங்குகிற மாதிரி. நாலைந்து சுற்றுக்குப் பிறகு சோர்வு வந்திருக்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று. தலை மேலே வந்தது. அவர் எப்போதும் நிற்கும் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்தாள்.

கையில் விசில் இருந்தது. ஊதிவிட்டேன்.

பழைய குழந்தைகள் எல்லோரின் தலையும் ஒன்றாக மேலே வந்தன. எல்லாக் காலும் ஒன்றாக மூழ்கின. புது மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இருக்கேன் மாஸ்டர்!" என்று தண்ணீர் குடித்த தொண்டையோடு யாரோ கத்தினார்கள். தவளையாகத்தான் இருக்கும். மீசை முளைத்த பிறகும் அவனுக்கு வாய் அடங்கவில்லை.

விசிலைக் கொடுக்காமலேயே வந்துவிட்டேன். நாளைக்கும் போக வேண்டும். மறந்துவிட்டேன் என்றுதான் மகளிடம் சொல்லியிருக்கிறேன்.